சவுரிமுத்து வேறு, சவுரிமுத்து வேறாம்

மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலையில் பூட்டு, சாவி, பீரோ ரிப்பேர் கடை வைத்திருந்த கரீமுக்கு ஒரே மகள், நிகத். யார் வீட்டுச் சாவி தொலைந்தாலும் கரீம் போய் ஐந்து நிமிஷத்தில் கதவைத் திறந்துவிடுவார். மகளோ ஐந்து வருஷமாக ஒரே கதவின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். அது கிளைச்சிறையின் கதவு.

"இன்னா பாய், உங்க பொண்ணு ஜெயிலுக்குப் போவுதாமே?" என்று கடைக்கு வருகிறவர்கள் கேட்டால், கரீம் கையிலிருக்கும் அரத்தைக் கீழே வைக்காமலேயே, "தெனம் போவுது. அவனுங்கதான் உள்ள உட மாட்றானுங்க" என்பார்.

நிகத் 'புறநகர் மணி' என்ற மாலை நாளிதழின் நிருபர். அதன் உரிமையாளர், ஆசிரியர், விளம்பர மேலாளர் மூவருமே அரிகிருஷ்ணன்தான். மாடம்பாக்கத்துப் பக்கம் அவருடைய அப்பா காலத்தில் நெல் விளைந்த நிலத்தில் அவர் காலத்தில் பிளாட் விளைந்தது. எல்லாவற்றையும் விற்று முடித்த பிறகு பொழுது போகாமல் பத்திரிகை ஆரம்பித்தார். எட்டுப் பக்கம். ஐந்தரைப் பக்கத்துக்கு மனை விற்பனை விளம்பரம் வரும். மீதி இடம் வீணாகக் கூடாதென்று செய்தியும் போடுவார்கள்.

இரண்டாயிரத்து ஒன்றில் நிகத் அங்கே சேர்ந்தாள். கான்வென்ட்டில் படித்த ஆங்கிலத்துக்கு அந்த அலுவலகத்தில் ஒரே ஒரு உபயோகம் இருந்தது: கம்ப்யூட்டர் நின்றுவிட்டால் திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துச் சொல்ல வேண்டும். முதல் வருஷம் முழுக்கக் கும்பாபிஷேகமும் இலவசக் கண் சிகிச்சை முகாமும் எழுதினாள். அதோடு நிறுத்தியிருந்தால் இந்நேரம் தலைமை நிருபராகியிருப்பாள். பீர்க்கன்கரணைப் பக்கம் ஒரு குட்டைக்குள் கல் நட்டு மனை எண் எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டாள். 'தண்ணீருக்குள் நாற்பத்திரண்டாம் நம்பர் மனை' என்று மூன்றாம் பக்கத்தில் செய்தி வந்தது. அதே மனையின் விளம்பரம், 'சுவையான குடிநீர் வசதி' என்ற வாசகத்தோடு நான்காம் பக்கத்தில் வந்தது.

அரிகிருஷ்ணன் கத்தவில்லை. அவர் கத்துகிற ஆள் இல்லை.

"உனக்கு இன்வெஸ்டிகேஷன் நல்லா வருதும்மா. அத ஏன் குட்டைல வேஸ்ட் பண்ற? இனிமே ஜெயில் பாத்துக்க" என்றார்.

ஜெயிலிலிருந்து யாரும் மனை விளம்பரம் கொடுப்பதில்லை. இப்படித்தான் 'நிகத், சிறப்புப் புலனாய்வு நிருபர் (சிறை)' என்று விசிட்டிங் கார்டு அச்சானது. அவளுடைய அம்மா ஜஹீரா அதில் ஒன்றைக்கூட எந்தச் சொந்தக்காரர் கையிலும் கிடைக்காமல் பார்த்துக்கொண்டாள். வரன் பார்க்க வந்தவர்களிடம் "பேப்பர் ஆபீஸ்ல இருக்கா" என்று மட்டும் சொன்னாள். "எந்தப் பக்கம் எழுதறாங்க?" என்று கேட்டவர்களுக்கு டீ ஊற்றிக் கொடுத்தாள்.

சிறை, ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருந்தது. எந்த ஊர்ச் சிறை என்று சொல்ல வேண்டாம். பெயர் என்றாலே அவர்களுக்குச் சிக்கல் என்பது போகப் போகத் தெரியும். உள்ளே போய்ப் பார்க்க அனுமதி கேட்டு நிகத் பதினோரு முறை எழுதினாள். பதினோரு முறையும் 'பரிசீலனையில் உள்ளது' என்று பதில் வந்தது. பதினோராவது பதிலில் அவளுக்குப் பொங்கல் வாழ்த்தும் இருந்தது.

ஆகவே அவள் வெளியே நின்றே உள்ளே நடப்பதை எழுதக் கற்றுக்கொண்டாள்.

சிறையில் இருப்பவரைப் போய்ப் பார்ப்பதற்கு இந்தப் பக்கத்தில் 'மனு பார்ப்பது' என்று பெயர். ஒரு வெள்ளைத் தாளில் கைதியின் பெயர், தகப்பன் பெயர், பார்க்க வந்தவர் பெயர், உறவுமுறை என்று நாலு வரி எழுதி ஜன்னலில் கொடுத்தால், கூப்பிடும்போது உள்ளே போகலாம். வரிசையில் நிற்கிற பெண்களில் பாதிப் பேருக்கு எழுத வராது. நிகத்திடம் பேனா இருந்தது. அவள் மனு எழுதிக் கொடுத்தாள். அவள் எழுதுகிற நேரத்துக்குள் அவர்கள், உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். குழம்பில் தண்ணீர், மருத்துவர் வராத செவ்வாய்க்கிழமைகள், நாற்பது பேருக்கு ஒரு கழிப்பறை. இவற்றில் பாதி அச்சானது. மீதியை மனை விளம்பரம் தள்ளியது. வரிசையில் அவளுக்கு 'மனு அக்கா' என்று பெயர் வந்தது. ஐம்பது வயதுப் பெண்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

இரண்டாயிரத்து ஏழு ஜூன் மாதம், அந்த வரிசையில் ரத்தினபாய் வந்து நின்றாள்.

அவள் புருஷன் சவுரிமுத்து போர்வெல் மோட்டார் மெக்கானிக். கோவிலம்பாக்கத்தில் ஒரு புது வீட்டு மோட்டாரை ரிப்பேருக்குக் கழற்றிக்கொண்டு போனவரை, மோட்டாரைத் திருடிவிட்டதாகச் சொல்லி உள்ளே தள்ளியிருந்தார்கள். ஏப்ரலிலேயே நீதிமன்றம் ஜாமீன் கொடுத்துவிட்டது. பக்கத்து வீட்டுச் சக்திவேல், தன் வீட்டு வரி ரசீதை வைத்து ஜாமீன் கையெழுத்தும் போட்டுவிட்டார். விடுதலை உத்தரவும் சிறைக்கு வந்து சேர்ந்தது. ஆள் மட்டும் வரவில்லை.

"இன்னாவாம்?" என்றாள் நிகத், பேனாவை மூடாமல்.

"எய்த்து தப்பாம்க்கா. கோர்ட்டு பேப்பர்ல வேற எய்த்து கீதாம், இவுங்க நோட்டுல வேற எய்த்து கீதாம். அந்த ஆளு இவன் இல்லன்றாங்க."

விசாரித்தபோது விஷயம் தெரிந்தது. காவல் நிலையமும் சிறையும் புது எழுத்து முறைப்படி 'சவுரிமுத்து' என்று எழுதியிருந்தன. நீதிமன்றத்தில் தட்டச்சு செய்தவர் பழைய ஆள் போலிருக்கிறது. இலக்கணமாக 'சௌரிமுத்து' என்று அடித்துவிட்டார். வாயால் சொன்னால் இரண்டும் ஒன்றுதான். ஆனால் அரசாங்கம் காதால் கேட்பதில்லை. 'சௌரிமுத்து என்பவர் இச்சிறையில் இல்லை' என்று ஜன்னல் குமாஸ்தா ஒரு குறிப்பு எழுதி உத்தரவோடு குத்தி வைத்துவிட்டார்.

வக்கீல் பெயர்த் திருத்த மனு போட்டார். அதில் கைதியின் ஒப்பம் வேண்டும், அதைச் சிறை அதிகாரி சான்றொப்பமிட வேண்டும் என்று நீதிமன்றம் திருப்பி அனுப்பியது. சௌரிமுத்து என்று ஒருவர் இங்கே இல்லாதபோது அவர் ஒப்பத்துக்கு எப்படிச் சான்று கொடுப்பது என்று சிறை திருப்பி அனுப்பியது. இரண்டு இடத்திலும் சட்டம் தன் கடமையைச் செய்துகொண்டிருந்தது. சவுரிமுத்து உள்ளேயே இருந்தார். ஜாமீன் கிடைத்து ஐம்பத்திரண்டு நாள் ஆகியிருந்தது.

"இதுல இந்த சக்திவேல் அண்ணன் வேற," என்றாள் ரத்தினபாய். "பொண்ணு கல்யாணத்துக்கு வூட்ட விக்கப் போறாராம், ரசீது கோர்ட்ல மாட்டிகினு கீதாம், ஆளு வெளிய வந்தாதான் திருப்பிக் குடுப்பாங்களாம். வர்ற வெள்ளிக்கெயமைக்குள்ள உன் புருஷன் வெளிய வரலன்னா ஜாமீன வாபஸ் வாங்கிப்பேன்னுட்டாரு. அவரு வாங்கிட்டா வேற யாருக்கா எங்களுக்குக் கையெழுத்து போடுவா?"

அது திங்கட்கிழமை. நிகத் வீட்டுக்குப் போய், அப்போது புதிதாக வந்திருந்த தகவல் உரிமைச் சட்டத்தில் மூன்று பக்கத்துக்கு ஒரு மனு எழுதினாள். உத்தரவில் உள்ள சௌரிமுத்து யார், சவுரிமுத்து எதற்காக இன்னும் உள்ளே இருக்கிறார், யார் முடிவு செய்தது, எந்த விதிப்படி என்று பதினாலு கேள்வி. 'இந்தியக் குடிமகள் என்ற முறையில்' என்று விதிப்படி எழுதி, பத்து ரூபாய் ஸ்டாம்பும் ஒட்டினாள். செவ்வாய்க்கிழமை காலை சிறைக்குப் போனாள். 'மனுக்கள் இங்கே' என்று போர்டு மாட்டிய ஜன்னல் ஒன்றுதான் இருந்தது. மனுவை அதில் கொடுத்தாள்.

ஜன்னலில் ஆள் மாறியிருந்தது. பழைய குமாஸ்தா மாற்றலாகிப் போய், யேசுதாசன் என்று ஒருவர் அந்த வாரம்தான் வந்திருந்தார். பதினொன்றரைக்கு உள்ளேயிருந்து குரல் வந்தது.

"சவுரிமுத்து மனு! நிகாத்து யாருப்பா?"

நிகத் ஜன்னலுக்குப் போனாள்.

"இன்னாம்மா இது, மூணு பக்கத்துக்குக் கத எய்திகீற? ஸ்டாம்ப்பு வேற ஒட்டிகீற. மனுன்னா நாலு வரி எய்தணும். உறவுமுறை எங்க?"

"சார், இது வந்து..."

"இரு இரு, தோ கீது. குடிமகள்." மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "மகள்னு போட்டா போதும்மா. அப்பன் குடிக்கறதையெல்லாமா கவருமெண்டுக்கு எய்திக் குடுப்பாங்க? அது சரி, பேரு வேற மாரி கீதே?"

நிகத் பதில் சொல்வதற்குள், வரிசையில் பின்னால் நின்ற கங்கையம்மாள் முந்திக்கொண்டாள். மகனைப் பார்க்க வாரந்தவறாமல் வருகிறவள். அவளுக்கு நிகத் இதுவரை நாற்பது மனுவாவது எழுதிக் கொடுத்திருப்பாள்.

"லவ் மேரேஜ் சார்! பாயைக் கட்டிகினு பேர மாத்திகிச்சு. அந்த வருத்தத்துலதான் அப்பன் குடிக்க ஆரமிச்சாரு. உடு சார், பாவம்!"

நிருபர் என்று உண்மையைச் சொல்லி ஐந்து வருஷம் வெளியே நின்றவள், இப்போது ஒன்றுமே சொல்லாமல் நின்றாள். அதுவே போதுமானதாக இருந்தது. கதவு திறந்தது.

உள்ளே இரண்டு கம்பிவலைகள், நடுவில் மூன்றடி இடைவெளி. இந்தப் பக்கம் இருபது பேர், அந்தப் பக்கம் இருபது பேர். எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். ஒல்லியாக, நரைத்த தாடியோடு ஒருவர் வந்து இவளைப் பார்த்து விழித்தார்.

"யாரும்மா நீ?"

"உங்க பொண்ணு!"

"இன்னாது?"

"பொண்ணு! மனுல அப்படித்தான் போட்டிருக்காங்க!"

"எனக்கு ரெண்டும் பசங்களாச்சே மேடம்!"

அவர் பக்கத்தில் நின்ற கைதி தன் மனைவியிடம் பேசுவதை நிறுத்திவிட்டு, "யோவ் மெக்கானிக்கு, வெளிய இன்னான்னாயா பண்ணிவெச்சிட்டு வந்துகீற?" என்று தோளில் தட்டினான்.

நிகத் விஷயத்தைச் சொன்னாள். சவுரிமுத்து வலையைப் பிடித்துக்கொண்டு கத்தினார். "காலைல எண்ணிக்கைல சவுரிமுத்துன்னு கூப்புட்றாங்க. இருக்கேன்றேன். ஆர்டர்ல சவுரிமுத்து இல்ல, சவுரிமுத்துன்னு கீதுன்றாங்க. என் காதுக்கு ரெண்டும் ஒண்ணாதான் கேக்குது மேடம்! கேட்டுக் கேட்டு எனக்கே டவுட்டு வந்திச்சு. நெஜமாவே அப்டி ஒர்த்தன் எங்கியாச்சும் உள்ள கீறானோ இன்னாவோ. பாவம், அவனுக்கு யாரு மனு வர்றாங்களோ!"

அதற்குள் மணி அடித்துவிட்டார்கள்.

நிகத் பஸ்ஸிலேயே எழுத ஆரம்பித்தாள். ஆறு வருஷத்தில் அவள் எழுதியதிலேயே அதுதான் நல்ல செய்தி; அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. 'சௌரிமுத்து வேறு, சவுரிமுத்து வேறாம்!' என்று தலைப்பு. 'சௌ என்ற ஓர் எழுத்துக்கும் சவு என்ற இரண்டு எழுத்துக்கும் இடையே ஒரு மனிதர் ஐம்பத்து மூன்று நாளாகச் சிக்கியிருக்கிறார்' என்று முதல் வரி. அரிகிருஷ்ணன்கூடப் படித்துவிட்டு, ஒரு மனை விளம்பரத்தைப் பாதியாக வெட்டி இடம் கொடுத்தார். அப்படி ஒரு காரியம் அந்தப் பத்திரிகை வரலாற்றில் நடந்ததில்லை.

புதன்கிழமை மாலை பத்திரிகை வந்தது. தலைப்பு இப்படி இருந்தது:

'சவுரிமுத்து வேறு, சவுரிமுத்து வேறாம்!'

முதல் வரி: 'சவு என்ற ஓர் எழுத்துக்கும் சவு என்ற இரண்டு எழுத்துக்கும் இடையே ஒரு மனிதர் ஐம்பத்து மூன்று நாளாகச் சிக்கியிருக்கிறார்.' அதற்குக் கீழே சவுரிமுத்து என்பது சவுரிமுத்து என்று தவறாக எழுதப்பட்டதும், சவுரிமுத்துதான் சவுரிமுத்து என்று நிரூபிக்க முடியாததும் இரண்டு பத்திக்கு உருக்கமாக விவரிக்கப்பட்டிருந்தன. 'நிகத்' என்று பெயர் பெரிய எழுத்தில் இருந்தது. அதில் மட்டும் பிழையே இல்லை.

சண்முகம் சாலை அன்றைக்குச் சிரித்து முடிக்க ராத்திரி ஒன்பதாயிற்று. கரீம் கடைக்கு ஒருவர் வந்து, "பாய், இந்தச் சாவி வேற, இந்தச் சாவி வேறயாம்" என்று ஒரே சாவியை இரண்டு முறை நீட்டினார். நிகத் அன்று சாப்பிடவில்லை.

வியாழக்கிழமை காலை நேராகப் பட்டாபிராமனின் மேசைக்குப் போனாள். அவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். பத்து வருஷமாக 'புறநகர் மணி'க்குப் பிழை திருத்துகிறவர்.

"சார், என்ன பண்ணி வெச்சிருக்கீங்க?"

"ஏம்மா? சௌ வந்தா சவுன்னு மாத்தணும். அது நம்ம பத்திரிகை வழக்கம். ஔவையாரையே அவ்வையார் ஆக்கினவன் நான். உன் சௌரிமுத்துக்கு மட்டும் தனிச் சலுகையா?"

"அந்த வித்தியாசம்தான் சார் செய்தியே!"

"வித்தியாசம் இருந்தாத்தானேம்மா? ரெண்டும் ஒண்ணுதான்." அடுத்த மெய்ப்பை எடுத்துக்கொண்டார்.

நிகத் ஆசிரியர் அறைக்குப் போய், அவள் குணத்துக்கு அதிகமான சத்தத்தில் பேசினாள். திருத்தம் போட்டே ஆக வேண்டும், இல்லாவிட்டால் ராஜினாமா. அரிகிருஷ்ணன் யோசித்தார். இதே சம்பளத்துக்கு ஜெயில் வாசலில் நிற்க வேறு ஆள் கிடைக்காது.

"சரி. இன்னைக்கு மொதப் பக்கம், கட்டம் கட்டிப் போடறேன். சௌ வேற, சவு வேறன்னு தெளிவா எழுதிக் குடு. ரெண்டு மணிக்கு பிளேட் அச்சுக்குப் போயிடும்."

தெளிவாக எழுதிக் கொடுத்துவிட்டு, ரத்தினபாயிடம் மன்னிப்புக் கேட்கலாமென்று சிறைக்குப் போனாள். சவுரிமுத்துவுக்கு இன்னும் ஒரே நாள்தான் இருந்தது.

ரத்தினபாய் சிரித்துக்கொண்டிருந்தாள். ஜன்னலுக்குள்ளிருந்து யேசுதாசன் கையைக் காட்டிக் கூப்பிட்டார்.

"வாம்மா, குடிமகளே. நீ பேப்பர்காரின்னு இப்பத்தான் சொன்னாங்க. என் தலைல நல்லா மொளகா அரச்ச."

"சார், நான்..."

"உடு உடு. மேட்டர் தெரியுமா? நேத்து பேப்பர மேலதிகாரி பாத்துட்டாரு. போன்ல எங்க சூப்பிரண்ட புடிச்சி ஏறு ஏறுன்னு ஏறிட்டாரு. 'ரெண்டு எடத்துலயும் ஒரே பேருதானேயா கீது? சவுரிமுத்து, சவுரிமுத்து. இதுல இன்னா வித்தியாசத்தக் கண்டீங்க? உங்க ஆபீஸ்ல யாருக்கும் கண்ணு தெரியாதா?'ன்னு. சூப்பிரண்டு என்னக் கூப்ட்டு பேப்பர நீட்னாரு. நானும் திருப்பித் திருப்பிப் பாத்தேன். ஒரே பேருதான். எனக்கு முந்தி இருந்தவன் குடிச்சிட்டு நோட்டு போட்டிருப்பான்னு முடிவு பண்ணிட்டோம்."

"உத்தரவ எடுத்துப் பாக்கலியா சார்?"

"எதுக்கு? பேப்பர்லயே வந்திருச்சே." குரலைத் தாழ்த்தினார். "பேப்பர வெட்டி, ஆதாரம்னு ஃபைல்ல சேத்தாச்சி. நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு ரிலீஸ். அதுக்குள்ள வேற எதுவும் பேஜார் வராம இருக்கணும். பேப்பர்ல மாத்தி கீத்திப் போட்டானுங்கன்னு வெய்யி, சூப்பிரண்டு மறுபடி கோர்ட்டுக்கு எய்திப் போட்ருவாரு. பயந்த மனுசன்."

நிகத் கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்று நாற்பது.

வேப்பமரத்தடிக்குப் போய்ச் செல்போனில் கூப்பிட்டாள். "சார், அந்தத் திருத்தத்த எடுத்துடுங்க."

"இன்னாம்மா? காலைலதான் மானம் போச்சுன்னு ராஜினாமா வரைக்கும் போன?"

"போனது போனதாவே இருக்கட்டும் சார்."

"திருத்தம் போடலேன்னா தப்பு உன் பேர்லதான் நிக்கும். நாளைக்கு வேற பத்திரிகைல வேல கேட்டுப் போனா, இதத்தான் எடுத்துக் காட்டுவாங்க."

"தெரியும் சார்."

"பக்கம் இன்னும் பட்டாபிராமன் சார்கிட்டதான் இருக்கு. அவர்கிட்டயே சொல்லிடு."

போன் கை மாறியது. பட்டாபிராமன் அவசரப்படவில்லை. "என்னம்மா, திருத்தம் வேண்டாங்கறியாமே. ஏன்?"

நிகத் சிறையின் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "நீங்க சொன்னதுதான் சார் சரி. ரெண்டும் ஒண்ணுதான்."

"அதத்தானே காலைலேருந்து சொல்றேன்," என்று அவர் போனை வைத்தார். முதல் பக்கத்தில் அந்தக் கட்டத்துக்குள், கரையோர மனைகள் பற்றிய விளம்பரம் ஒன்று போனது.

வெள்ளிக்கிழமை ஆறு மணிக்குச் சிறை வாசலில் ரத்தினபாயும் இரண்டு பையன்களும் நின்றார்கள். ரசீதை மீட்கும் அவசரத்தில் சக்திவேலும் வந்திருந்தார். நிகத் சற்றுத் தள்ளி நின்றாள். திறந்த சின்னக் கதவு வழியாக யேசுதாசன் விடுதலைப் பதிவேட்டை விரிப்பது தெரிந்தது.

"யோவ், பாத்துக் கையெழுத்து போடு. எய்த்துக்கு எய்த்து கரெக்டா எய்து. மறுபடி பேஜார் பண்ணாத."

சவுரிமுத்து பேனாவை வாங்கவில்லை. இடது கைக் கட்டைவிரலை நீட்டினார்.

யேசுதாசன் அந்த விரலைப் பார்த்தார். பிறகு மைப்பெட்டியைத் தேடினார். தன் பெயரைச் சவுரிமுத்து வாழ்நாளில் எந்த விதமாகவும் எழுதியதில்லை. அவர் கைரேகை, உள்ளே வந்த நாளிலிருந்தே சிறைப் பதிவேட்டில் இருந்தது. வக்கீலுக்குக் கொடுத்த வக்காலத்திலும் இருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று ஐம்பத்தாறு நாளில் நீதிமன்றத்துக்கும் தோன்றவில்லை, சிறைக்கும் தோன்றவில்லை. சிறப்புப் புலனாய்வு நிருபருக்கும் தோன்றவில்லை.

நிகத் அதற்குப் பிறகும் அந்தப் பத்திரிகையில்தான் இருந்தாள். வேறு இரண்டு பத்திரிகைகளுக்கு விண்ணப்பித்தாள். இரண்டு இடத்திலும் அந்தச் செய்தியைப் பற்றித்தான் கேட்டார்கள், இரண்டு இடத்திலும் சிரித்தார்கள். சிறைக்குள் அவளை மறுபடி விடவில்லை. வெளியே வரிசை நீண்டுகொண்டிருந்ததால் பேனாவுக்கு வேலை இருந்தது.

ஜன்னலில் கொடுத்த மனு, பார்வையாளர் மனுக்கட்டோடு போய்விட்டதால், அதன் நகலை அவள் மறுநாளே பதிவுத் தபாலில் அனுப்பியிருந்தாள். முப்பது நாளில் பதில் தர வேண்டும் என்பது சட்டம். எட்டாவது மாதம் பதில் வந்தது. பதினாலு கேள்விக்கும் சேர்த்து ஒரே வரி: 'தாங்கள் குறிப்பிட்டுள்ள சௌரிமுத்து என்பவர் எக்காலத்திலும் இச்சிறையில் இருந்ததில்லை எனத் தெரிவிக்கப்படுகிறது.'

அலுவலகத்தில் அதை இரண்டு முறை படித்தாள். பிறகு எழுந்து போய், பட்டாபிராமனின் மேசையில் மெய்ப்புத் தாள்களுக்கு மேலே வைத்தாள்.

அவர் நிமிரவில்லை. சிவப்பு மைப் பேனாவால் 'சௌ'வை அடித்து, மேலே 'சவு' என்று எழுதி, அவளிடமே திருப்பி நீட்டினார்.

"இப்ப சரியா இருக்கும்மா" என்றார்.